வெள்ளைச் சங்கின்ர நிறம் என்ன?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில சபரிமலைக்குப் போட்டு வந்த கதை எழுதினன் தானே (அம்பது தாண்டினபடியால் எனக்கும் இருமுடி கட்டக் கிடைச்சுது), அதில திரும்பிற வழியில மைசூர் – மடிக்கேரி ரோட்டில இருக்கிற பைலகுப்பை எண்ட திபெத்தியக் குடியேற்றத்தில அரைநாள் நிண்டதையும், அங்க ஒரு மடத்து முத்தத்தில சன்ஸ்கார் எண்ட இமயமலைப் பள்ளத்தாக்கில இருந்து வந்த ஒரு சின்ன பிக்குவோட கதைச்சதையும் ரெண்டு பந்தியில சொல்லி முடிச்சிட்டன். எனக்கு ஐயப்பன் கதைதான் பெருசாப் பட்டது. உங்களுக்கு அப்பிடி இல்லைப் போல. வந்த கடிதத்திலயும் வாட்ஸ்அப்பிலயும் முக்கால்வாசி அந்த ரெண்டு பந்தியைப் பற்றித்தான், ஆனபடியா இந்த மாசம் முழுக்க அதுவே. பாலப்பம் ஏன் பொங்கேல்லை எண்டு கேட்ட உப்புவெளி அக்கா கோவிக்காதேங்கோ, அடுத்த இதழில கட்டாயம்.

கேள்வி: லடாக், ஸ்பிடி எண்டு பனிமலையில பிறந்த பெடியள் ஏன் கர்நாடகா வெயிலுக்கு வந்து படிக்கவேணும்? ஊரில மடம் இல்லையா?
— ஒரு டீச்சர், பாலையூற்று

மடம் தாராளமா இருக்கு டீச்சர். ஸ்பிடியில தாபோ மடம் 996ஆம் ஆண்டு கட்டினது. ராஜராஜ சோழன் தஞ்சாவூர்ப் பெரியகோயிலை 1010இல முடிக்கேக்க அங்க பிக்குமார் ஓதத் தொடங்கி 14 வருசம், இண்டைக்கும் ஓதிக்கொண்டுதான் இருக்கினம். ஆனா ஊர் மடம் எண்டது எங்கட ஊர்க் கோயில் மாதிரி. செத்தவீட்டுக்கு ஓதுறது, விதைக்க நாள் பார்க்கிறது, வருசத் திருவிழாவுக்கு முகமூடி போட்டு ஆடுறது எல்லாம் அங்கதான் நடக்கும். பெரிய படிப்பெண்டா, முக்கியமா தலாய் லாமாவின்ர கெலுக் மரபுக்காரருக்கு, முந்தி திபெத்தின்ர தலைநகர் லாசாவைச் சுத்தி இருந்த மூண்டு மகா மடத்துக்குத்தான் போகவேணும்: சேரா, திரேபுங், கான்டென். லடாக்கில இருந்து அங்க போறதெண்டா மாசக்கணக்கில பயணம்.

1959இல திபெத்தில நடந்த பிரச்சினையோட தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார், அவருக்குப் பின்னால ஆயிரக்கணக்கான சனம். பிக்குமாரில கனபேரைப் பூட்டான் எல்லைக்குக் கிட்ட பக்ஸா எண்ட இடத்தில, வெள்ளைக்காரன் காலத்துப் பழைய சிறைமுகாம் ஒண்டில கொண்டுபோய் வைச்சவை. பனியில வாழ்ந்த மனிசருக்கு அந்தப் புழுக்கம் ஒத்துவருமோ, காசம் வந்து கனபேர் அங்கயே செத்தது. ஆனா அதுக்குள்ளயும் அவை பாடத்தை நிப்பாட்டேல்லை. ஏதோ ஒருநாள் திரும்பிப் போகலாம் எண்ட நினைப்பில காலம் போய், கடைசியில கர்நாடகாவில காடு வெட்டி மடம் கட்டி, சேராவைப் பைலகுப்பையிலயும் திரேபுங், கான்டென் ரெண்டையும் முண்ட்கோட்டிலயும் திரும்பத் தொடங்கினவை. அகதிமுகாமில பிள்ளையளை மரத்துக்குக் கீழ இருத்திப் படிப்பிச்ச எங்கட டீச்சர்மாருக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

லாசாப் பாதை அடைபட்டதால லடாக், ஸ்பிடி, கின்னௌர், தவாங் பக்கத்துப் பெடியளும் மலையை விட்டிறங்கித் தெற்க வரத் தொடங்கிட்டினம். அதில படிப்புத் தப்பிச்சுது, அதை ஒருத்தரும் மறுக்க ஏலாது. ஆனா இப்ப என்ன நடக்குதெண்டா, ஊரில கெட்டிக்காரப் பெடியன் எட்டு, ஒன்பது வயசில கர்நாடகாவுக்குப் போனால் கெஷே எண்ட பட்டம் எடுக்க 20 வருசம் போகும், சிலருக்கு அதையும் தாண்டும். ஊர் மடத்தில மிஞ்சிறது முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிற கிழவர்மார்தான். காப்பாத்தினது என்னத்தை, படிப்பையோ ஊரையோ எண்டு எனக்கு அங்க நிக்கேக்கயே ஒரு குழப்பம் வந்தது, இன்னும் போகேல்லை.

கேள்வி: அன்ரி, பிக்குமார் கையைத் தட்டி, காலால நிலத்தில குத்தி, ஆளை ஆள் அடிக்கப் போறமாதிரி ஒரு வீடியோ பார்த்தன். அது சண்டையா, பூசையா?
— ஓ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவன், நிலாவெளி

அது தர்க்க வகுப்பு தம்பி! முத்தத்தில ஒருத்தர் சம்மணம் போட்டு இருப்பார், மற்றவர் அவருக்கு முன்னால நிப்பார். நிக்கிறவர் கேள்வி கேட்கவேணும், இருக்கிறவர் பதில் சொல்லவேணும், கேள்வி முடியிற இடத்தில நிக்கிறவர் இடக்கையை நீட்டி வைச்சு வலக்கையால பளாரெண்டு ஒரு அடி அடிச்சுக் காலையும் குத்துவார். நாங்கள் பார்த்த முத்தத்தில ஐம்பது அறுபது சோடி ஒரேநேரத்தில அப்பிடி நிண்டது. சத்தம் மீன்சந்தை தோத்துப்போகும்.

இருக்கிறவர் விரும்பின மாதிரிப் பிரசங்கம் வைக்க ஏலாது, அதுதான் இதில வடிவான விசயம். அவருக்கு அனுமதிச்ச பதிலே கைவிரலில எண்ணக்கூடியதுதான்: "ஓம்", "ஏன்?", "நீ சொல்லுற காரணம் சரியில்லை", "காரணம் சரி, ஆனா அதால இது வராது". அவ்வளவுதான். சின்னப் பிள்ளையளுக்கு முதல் பாடம் நிறம். நிக்கிறவன் கேட்பான், நிறமெண்டால் எல்லாம் சிவப்புத்தானே? இருக்கிறவன் தெரியாத்தனமா ஓம் எண்டு சொல்லிட்டான் எண்டு வைப்பம். அப்ப வெள்ளைச் சங்கின்ர நிறம் சிவப்பு, ஏனெண்டா அதுவும் நிறம், பளார்! இப்ப இவன் ஓம் எண்டாலும் மாட்டு, இல்லையெண்டாலும் மாட்டு, முதல் சொன்ன ஓமைத் திருப்பி எடுக்கும்வரைக்கும் நிக்கிறவன் விடமாட்டான். அதைத் தாண்டினால் அடுத்தது, வெள்ளைக் குதிரை வெள்ளையா? இல்லை எண்டதுதான் பதில். குதிரை ஒரு உயிர், வெள்ளை ஒரு நிறம், உயிர் எப்பிடி நிறமாகும்? எங்கட கோஷ்டியில வந்த ஒரு லோயர்த்தம்பி இதைக் கேட்டுப்போட்டு மைசூர் வரைக்கும் வாய் திறக்கேல்லை.

இந்தச் சண்டைக்குப் பின்னால இருக்கிற புத்தகம் யாரின்ர தெரியுமா? திக்நாகர், தர்மகீர்த்தி எண்ட பழைய பௌத்த தர்க்க ஆசிரியர்மாரின்ர. திபெத்தியர் எழுதிவைச்ச வரலாற்றில திக்நாகர் காஞ்சிபுரத்துப் பக்கத்து ஆள், தர்மகீர்த்தியும் தெற்கத்தி ஆள்தான். மணிமேகலையில 29ஆவது காதையில அறவண அடிகள் காஞ்சியில வைச்சுப் பக்கம் (நிறுவ வந்த கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) எண்டு மணிமேகலைக்குப் படிப்பிக்கிறது இதே வகைத் தர்க்கம்தான். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில அமுதசுரபியும் மணிபல்லவமும் வந்த உடன நிப்பாட்டிப் போடுவினம், 29ஆம் காதை கஷ்டம், சோதினைக்கு வராது எண்டு. நாங்கள் சோதினைக்கு வராதெண்டு விட்டதை 12,000 அடி உயரத்தில பிறந்த பெடியன் பாடமாக்கிக் கையைத் தட்டிக் கேட்கிறான்.

கேள்வி: ஏழு வயசில பிள்ளையைத் தாயிட்ட இருந்து பிரிச்சு மடத்தில விடுறது பாவமில்லையா? நீங்கள் அதைப் பெருமையா எழுதினமாதிரிக் கிடந்தது.
— ஒரு அம்மா, தம்பலகாமம்

பெருமையா எழுதேல்லை தங்கச்சி, ஆனா கேட்டது நல்லது. விநயம் எண்ட புத்தர் காலத்துப் பிக்குமார் ஒழுங்குவிதியிலயே இதுக்கொரு அளவு இருக்கு. காகம் கலைக்கிற வயசு வந்த பிள்ளையைச் சாமணேரரா, அதாவது பயிலுற இளம் பிக்குவா, எடுக்கலாம் எண்டு, வெயிலில நெல்லுக் காயப்போட்டுக் காவல் இருந்த எங்களுக்கு அது எந்த வயசெண்டு சொல்லத் தேவையில்லை. புத்தரின்ர மகன் ராகுலனும் ஏழு வயசில போனவன்தான். முழுப் பிக்குவாக 20 வயசு ஆகவேணும், அதுக்குள்ள வேண்டாமெண்டா வெளிய வரலாம், கனபேர் வருவினம்.

முந்தி ஒரு வீட்டில அஞ்சாறு பெடியள், ஒருத்தனை மடத்துக்குக் குடுக்கிறது குடும்பத்துக்குப் புண்ணியம், காணியும் துண்டு துண்டாப் பிரியாது. இப்ப அங்கயும் ஒண்டு ரெண்டு பிள்ளையள்தான். 1974இல லடாக்கை டூரிஸ்ட்டுக்குத் திறந்த பிறகு ஹோட்டல், டாக்ஸி, இல்லாட்டி ஆமி எண்டு கைக்குக் காசு வாற வழியும் வந்திட்டுது. அப்ப மடத்துக்கு ஆர் வாறது? கூடுதலா இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளையள். சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் எண்டு. அது எனக்கும் நெஞ்சில உறுத்தினதுதான். நானெண்டால் என்ர மகனை விட்டிருக்கமாட்டன். ஆனா அந்த சன்ஸ்கார்ப் பெடியனிட்ட வீட்டு நினைப்பு வருமா எண்டு கேட்க, முதல் வருசம் அழுதவன், ரெண்டாம் வருசம் தர்க்கத்தில ஒரு அண்ணையை மடக்கினவன், அதோட சரி எண்டான்.

கேள்வி: இதுகளைக் காப்பாத்த அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்டினாக் காணும்தானே? ஏன் இவ்வளவு கவலை?
— மூதூரில இருந்து ஒரு ஓய்வுபெற்ற அதிபர்

ஐயா, கட்டியிருக்கினம். நேரு காலத்தில, 1959இல, லடாக்கின்ர பெரிய லாமா குஷோக் பகுலா ரின்போச்சேயின்ர முயற்சியால லேயில பௌத்த தத்துவப் பள்ளி ஒண்டு தொடங்கினது, அது இண்டைக்கு மத்திய பௌத்தக் கல்வி நிறுவனம் எண்டு பல்கலைக்கழகத் தரத்தில நிக்குது. தத்துவத்தோட இந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம், தங்கா எண்ட சீலை ஓவியம், மரம் செதுக்கிறது எல்லாம் படிப்பிக்கினம். லே விமான நிலையத்துக்கும் பகுலாவின்ர பேர்தான். சிக்கிமில கேங்டொக்கில திபெத்தியல் நிறுவனம் 1958இல நேரு திறந்தது, சாரநாத்தில 1967இல இன்னொண்டு.

கட்டிடத்தில குறையில்லை. பிரச்சினை மொழியில. வீட்டில லடாக்கி கதைக்கிற பிள்ளை பள்ளிக்கூடத்தில ஆங்கிலம், இந்தி, உருது எண்டு படிச்சிட்டு வரும். மடத்துப் புத்தகமோ பழந்திபெத்திய மொழியில. எழுத்து ஒண்டுதான், ஆனா சங்கப்பாட்டுக்கும் எங்கட பேச்சுக்கும் இருக்கிற தூரம். ஒரு விசேசம் சொல்லவேணும், புலிக்குத் திபெத்திய எழுத்தில "ஸ்தக்" எண்டு எழுதிப்போட்டு லாசாவில "தக்" எண்டுதான் வாசிப்பினம், லடாக்கி எழுதினபடியே ஸ்தக் எண்டு சொல்லும். எழுத்திலயிருக்கிற பழைய ஒலி, படிக்காத கிழவியின்ர வாயில உயிரோட கிடக்கு, படிச்ச பேரன் அதை ஆங்கிலத்தில டைகர் எண்டுறான்.

அங்கயும் ஒரு சண்டை ஓடுது. பேச்சு லடாக்கியிலயே எழுதி, சின்னப் பிள்ளையளுக்கு முதல் வாசிக்கிற ருசியைக் காட்டுவம் எண்டு ஒரு பக்கம், வேதமொழியைக் கெடுக்காதே எண்டு இன்னொரு பக்கம். நான் எந்தப் பக்கம் எண்டு கேட்கத் தேவையில்லை, இந்தப் பக்கத்தைப் பேச்சுத்தமிழில எழுதுறன் எண்டு மாசாமாசம் எனக்குத் திட்டிக் கடிதம் போடுற ஐயாவுக்கு அது நல்லாத் தெரியும்.

எங்கட கோயிலில புராணபடனம் நடந்தது நினைவிருக்கா? ஒருத்தர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோட வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார், பிழையாச் சொன்னா கீழ இருக்கிற கிழவர் ஒருத்தர் தொண்டையைச் செருமுவார். என்ர அப்பா பயன் சொல்லுறவர். அவருக்குப் பிறகு அந்தக் கோயிலில வாசிக்க ஆள் இல்லாமக் கொஞ்சக் காலம் கசற் போட்டவை, இப்ப அதுவுமில்லை. புத்தகம் அலுமாரியில பத்திரமாக் கிடக்கு, செருமத்தான் ஆளில்லை.

கேள்வி: எங்கட காணிக்குள்ள இரவோட இரவாச் சிலை முளைக்குது. நீங்கள் பௌத்தத்தைக் காப்பாத்துறதைப் பற்றி எழுதுறியள். வெட்கமாயில்லையா?
— பேர் வேண்டாம், திருகோணமலை

இதைப் பிரசுரிக்க வேண்டாமெண்டு ரெண்டு பேர் சொன்னவை. எனக்கு இதுதான் வந்ததுக்குள்ள நேர்மையான கடிதம்.

உங்கட கோவம் எனக்கும் உள்ளதுதான். சிலையைக் கொண்டுவந்து வைக்கிறது காணி வேலை, அதிகார வேலை. நான் பார்த்தது காணியே இல்லாம வந்த ஆக்கள், வாயிலயும் மண்டையிலயும் காவிக்கொண்டு வந்ததைப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதை. ரெண்டுக்கும் ஒரே பேர் இருக்கிறதுதான் எங்கட தலைவிதி.

ஆனா ஒண்டு. பௌத்தம் எண்டாலே அது மற்றவையின்ர, எங்களுக்கும் அதுக்கும் ஒண்டுமில்லை எண்டு நாங்களே கையைக் கழுவினால், அதை முழுசா எழுதிக் குடுத்தமாதிரி. பெரியகுளத்துக்குக் கிட்ட வெல்கம் விகாரை இருக்கே, எங்கட ஆக்கள் நாதனார் கோயில் எண்டு சொல்லுறது, அங்க இருக்கிற சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டில அதின்ர பேர் ராஜராஜப் பெரும்பள்ளி. தமிழர் விளக்கெரிக்கத் தானம் குடுத்த பள்ளி. திரியாயில மலையில இருக்கிற கல்வெட்டு சமஸ்கிருதம், பல்லவ கிரந்த எழுத்தில, அதில வாற பேர் அவலோகிதேஸ்வரர், மஞ்சுசிறி எண்ட ரெண்டு போதிசத்துவர்மார். லடாக்கில ஒவ்வொரு மடத்திலயும் கும்பிடுற அதே ரெண்டு பேர்! தர்க்கத்தைப் பிக்குமார் "தீ:" எண்டு கத்தித்தான் தொடங்குவினம், அது மஞ்சுசிறியின்ர மந்திர எழுத்து. ஆயிரத்து இருநூறு வருசத்துக்கு முந்தித் திரியாய்க் கரையில கப்பல் கட்டின வியாபாரியிட்டக் கேட்டிருந்தா அவனுக்கு லடாக் மடம் அந்நியமாத் தெரிஞ்சிருக்காது. எங்களுக்குத்தான் தெரியுது.

உங்களுக்கு இன்னும் கோவமெண்டா எழுதுங்கோ, போடுவன்.

கேள்வி: பெண்பிள்ளையளுக்கு இந்தப் படிப்பு இல்லையா?
— உவர்மலை வாசகி

கன காலம் இல்லை. லடாக்கில பிக்குணி எண்டா முடி வெட்டிப்போட்டு வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்யிற மகள் எண்டதுதான் நடைமுறை, ஓதப் போறது தம்பி, அவனுக்கு ரொட்டி சுடுறது அக்கா. கெஷே பட்டம் பெண்களுக்கு முதன்முதலாக் கூட்டாக் கிடைச்சது 2016 டிசம்பரில, முண்ட்கோட்டில வைச்சு, 20 பேருக்கு. கெஷேமா எண்டு சொல்லுறது. அதே பாடம், அதே சோதினை. பூட்டானில 2022 ஜூன் மாசம் 144 பெண்களுக்கு முழுப் பிக்குணித் தீட்சை குடுத்தவை, திபெத்திய மரபில அதுக்கு முந்திப் பெரும்பாலும் பெண்களுக்குச் சாமணேரி (பயிலுற பிக்குணி) நிலையோட சரி. எங்கட நாட்டிலயும் 1998இல தம்புள்ளையில பிக்குணித் தீட்சை திரும்பத் தொடங்கினதுக்கு எவ்வளவு எதிர்ப்பு எண்டு வயசானவைக்கு நினைவிருக்கும்.

இதில எனக்குப் பிடிச்சது என்னெண்டா, படிச்சுப் பட்டம் எடுத்தவையில கனபேர் இப்ப மடத்திலயும் பள்ளிக்கூடத்திலயும் படிப்பிக்கினம். ஊரில ஆளில்லை எண்டு அழுதமே, ஆள் அடுப்படிக்குள்ளயே இருந்திருக்கு.

கேள்வி: நான் நூலகத்தில 31 வருசம் வேலை செய்தவன். அவ்வளவு புத்தகமும் எரிஞ்சும் அழிஞ்சும் போனபிறகு இப்ப எப்பிடிக் கிடைக்குது?
— ஓய்வுபெற்றவர், சாம்பல்தீவு

ஐயா, 1981 யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி நீங்கள் எழுதின ரெண்டாவது பக்கத்தை நான் இதில போடேல்லை, வாசிச்சு வைச்சிருக்கிறன்.

அவையின்ர புத்தகம் கட்டில்லாத நீட்டுத் தாள், ரெண்டு பலகைக்கு நடுவில வைச்சுச் சீலையால சுத்திறது. கடதாசியில அச்சடிச்சாலும் அந்த வடிவத்தை மாத்தேல்லை, ஏனெண்டா இந்தியாவில இருந்து முதல்ல போனது பனையோலை ஏடு. ஓலையின்ர நீளம் அகலம் அப்பிடியே கடதாசிக்கு வந்திட்டுது. புத்தர் சொன்னதெண்டு கஞ்சூர் நூறு தொகுதிக்கு மேல, இந்திய ஆசிரியர்மார் எழுதின உரையெல்லாம் தெஞ்சூர் இருநூறுக்கு மேல. நாலந்தா அழிஞ்சபிறகு சமஸ்கிருத மூலம் இல்லாமப் போன கனக்கப் புத்தகம் இப்ப அந்த மொழிபெயர்ப்பில மட்டும்தான் இருக்கு.

எப்பிடித் தப்பிச்சது எண்டது கோதுமைக் கதை. 1954இல வந்த பி.எல். 480 எண்ட சட்டத்தின்கீழ அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை குடுத்தது, இந்தியா அதுக்கு ரூபாயில காசு கட்டினது, அந்த ரூபாயை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக ஏலாது, இந்தியாவுக்குள்ளயே செலவழிக்கவேணும். அதில ஒரு பங்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் புத்தகம் வாங்க ஒதுக்கினது. 1968இல டில்லி அலுவலகத்துக்கு வந்த ஜீன் ஸ்மித் எண்ட மனிசன், அகதியள் முதுகில கட்டிக்கொண்டு வந்த ஏட்டுக் கட்டுகளைத் தேடித் திரிஞ்சார், அவையே மறுபதிப்புப் போட்டால் நூலகம் இத்தனை பிரதி வாங்கும் எண்டு ஏற்பாடு. ஒரு பிரதி மட்டும் இருந்த புத்தகமெல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில அடுக்கில ஏறினது அப்பிடித்தான். பிறகு 1999இல எல்லாத்தையும் ஸ்கேன் பண்ண ஒரு நிலையம் தொடங்கி, 2010இல செத்தார். இப்ப மடத்துப் பெடியன் ஃபோனில திறந்து பார்க்கிறான். பாணுக்கு மா தந்த காசில ஏடு தப்பிச்சுது ஐயா. எங்கட காலத்தில எங்களுக்கு அப்பிடி ஒரு விசர் மனிசன் வந்து சேரேல்லை.

கேள்வி: பழைய ஓவியங்களைத் திருத்தி வர்ணம் பூசுறது சரியா? எங்கட கோயிலிலயும் கும்பாபிசேகத்துக்குக் கண்டபடி பெயின்ட் அடிக்கினம்.
— கோணேசர் கோயிலடி வாசகர்

எனமல் பெயின்டைப் பற்றி என்னைத் தொடக்கி விடாதேங்கோ, பக்கம் காணாது.

நேபாளத்தில முஸ்தாங் எண்ட இடத்தில லோ மந்தாங் ஊரில 15ஆம் நூற்றாண்டு மடங்களில சுவரோவியம் புகை பிடிச்சும் மழைத்தண்ணி இறங்கியும் பாழாப் போயிருந்தது. வெளிநாட்டு வல்லுநர் வந்து உள்ளூர் ஆக்களுக்கே, வயல் செய்யிற ஆம்பிளை பொம்பிளையளுக்கு, சுத்தம் பண்ணவும் ஒட்டவும் தீட்டவும் பழக்கினவை. வல்லுநர் வழக்கம் என்னெண்டா, அழிஞ்ச இடத்தை வெறுமையா விடுறது, இருக்கிறதை மட்டும் காக்கிறது. ஊராக்கள் ஏற்கேல்லை. கையில்லாத புத்தரை எப்பிடிக் கும்பிடுறது எண்டு கேட்டினம். பின்னப்பட்ட விக்கிரகத்துக்குப் பூசையில்லை எண்டு ஐயர்மார் சொல்லுறமாதிரித்தான். கடைசியில ஊரின்ர பேச்சுக்கு இறங்கி, அழிஞ்ச கையையும் முகத்தையும் உள்ளூர்க் கைகளே தீட்டினது. இதைத் திட்டின படிச்ச ஆக்கள் இருக்கினம். எனக்கெண்டால் ஊர் சொன்னதுதான் சரி, கும்பிட ஆளில்லாட்டி அது மியூசியம்.

மழைதான் இப்ப பெரிய பயம். தாபோ முழுக்க மண், கூரையும் மண். மழை இல்லாத ஊருக்கெண்டு கட்டினது, இப்ப பருவம் மாறி மழை வருது. நெருப்பும் உண்டு. எவரெஸ்டுக்குப் போற வழியில தெங்போச்சே மடம் 1934 பூமியதிர்ச்சியில விழுந்து, திரும்பக் கட்டி, 1989இல கரண்ட் ஷோர்ட் ஆகி எரிஞ்சது. ஷெர்பாக்கள் திரும்பவும் கட்டினவை.

கேள்வி: பிக்குமாருக்கெண்டு எம்பி சீட் இருக்கிற ஊர் ஒண்டு உண்டாமே?
— அரசியல் பிரியன், கிண்ணியா

எம்பி இல்லை, எம்.எல்.ஏ. சிக்கிம் சட்டசபையில 32 சீட், அதில ஒண்டு சங்கத் தொகுதி. மடங்களில பதிஞ்ச பிக்கு, பிக்குணிமார் மட்டும்தான் வோட்டுப் போடலாம். இஞ்ச ஆருக்கும் இந்த யோசினையைச் சொல்லிப் போடாதேங்கோ.

கேள்வி: வெண்ணெய்த் தேத்தண்ணி குடிச்சியளா?
— உப்புவெளி

குடிச்சன். உப்புப் போட்டது. தேத்தண்ணி எண்டு நினைச்சுக் குடிக்காம சூப் எண்டு நினைச்சுக் குடிக்கவேணும்.

கேள்வி: அந்த சன்ஸ்கார்ப் பெடியன் படிச்சு முடிச்சு ஊருக்குத் திரும்பிப் போவானா? நீங்கள் கேட்கேல்லையா?
— ஒரு தாத்தா, குச்சவெளி

கேட்டனான் ஐயா. அதைத்தான் போன இதழில எழுதாம விட்டது.

அவன்ர ஊரில விதைப்புக் காலத்தில ஒரு வழக்கம், மடத்தில இருக்கிற பெரிய புத்தகத் தொகுதியளை ஊராக்கள் ஆளுக்கொண்டா முதுகில கட்டிக்கொண்டு, முன்னால மேளமும் குழலும் போக, வாற்கோதுமை வயலெல்லாத்தையும் சுத்தி வருவினம், பயிருக்குப் பூச்சியும் பனியும் அண்டாதெண்டு. பும்ஸ்கோர் எண்டு சொன்னான். ஒரு தொகுதி எவ்வளவு பாரம் எண்டு காட்ட, பக்கத்தில இருந்த என்ர இருமுடிப் பையைத் தூக்கிப் பார்த்து, இதைவிடக் கூட எண்டு சிரிச்சான். போன வருசம் காவ ஆள் காணாம சில தொகுதியளை டிராக்டரில ஏத்திச் சுத்தினதாம், தகப்பன் ஃபோனில வீடியோ அனுப்பியிருக்கிறார். எனக்கும் காட்டினான். டிராக்டர் பெட்டியில மஞ்சள் சீலை சுத்தின கட்டுகள், அதுக்கு மேல சறுக்காம இருக்க ஒரு கிழவர் கையை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறார், பின்னால ரெண்டு நாய்.

உதிலயிருந்து ஒரு புத்தகம் வாசிச்சனியா எண்டன். ஒண்டு பாடமாக்கி முடிச்சாச்சு, கருத்து அடுத்த வருசம்தான் சொல்லித் தருவினம் எண்டான். அப்ப ஊருக்குப் போவியா எண்டு கேட்க, கொஞ்சம் யோசிச்சு, எங்கட லோயர்த்தம்பியைப் பார்த்து, "ஊருக்குப் போறவன் எல்லாம் ஊருக்குத் திரும்பினவனா?" எண்டு கையை நீட்டினான், தட்டுறதுக்கு முன்னால மணி அடிச்சிட்டுது. செருப்பை ஒரு கையில எடுத்துக்கொண்டு ஓடிட்டான்.